வெள்ளைக் கம்பளம் உருட்டிய நாட்கள்

ரஜப் 4

காலையிலேயே எரிச்சல். என் மகன் புலாத் வலது கட்டைவிரலை உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். குதிரைக்குட்டியைப் பிடிக்கச் சுருக்குக் கயிறு வீசியவன், கயிற்றைச் சேணத்தில் சுற்றும்போது விரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டானாம். இருபத்திரண்டு வயசு. நடக்கக் கற்றுக்கொள்ளும் முன்னே குதிரை ஏறியவன். தன் விரல் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு குச்சி வைத்துக் கம்பளித் துண்டால் இறுக்கிக் கட்டினேன். இரண்டு மாசத்துக்கு வில்லைத் தொடக்கூடாது என்று சொன்னேன். எங்கள் ஆட்கள் நாணை இழுப்பதே கட்டைவிரலால்தான். அது இல்லாதவன் கையில் வில் வெறும் கம்பு. வலியில் உயிர் போயிருக்கும், ஆனாலும் சிரித்தான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

இந்தத் தாள் துறைமுகத்து வணிகன் மிளகு மடித்துக் கொடுத்தது. இன்னும் காரம் மூக்கில் ஏறுகிறது. என் வாப்பா முல்லாவாக இருந்தவர், எனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தார். "இந்தப் புல்வெளியில எழுதுறதுக்கு என்ன இருக்கு நூர்பிகே?" என்று என் புருஷன் தெமிர் கேட்பார். கோபம் இருக்கிறது. அது போதாதா?

ரஜப் 6

நான்கு பெரிய குலத்துத் தலைவர்களான பெக்குகளும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். தைமாஸைக் கானாக ஏற்றப்போகிறார்களாம். இத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஆட்டையும் பிள்ளைகளையும் பிடுங்கித் தின்னும் பெரிய கானுக்கு இனிக் கப்பம் கிடையாதாம். கடல் சூழ்ந்த இந்த நிலத்துத் தாத்தார்களுக்கு இனித் தனி அரசு, தனிக் கான்.

தைமாஸ் என் வயிற்றில் பிறந்தவன் இல்லை. என் பாலில் வளர்ந்தவன். கான் வம்சத்துப் பிள்ளையை வேறு குலத்துக் கூடாரத்தில் கொடுத்து வளர்ப்பதுதான் வழக்கம். சொந்த வீட்டில் வளர்ந்தால் சித்தப்பனே கழுத்தை நெரித்துவிடுவான். இவன் தாத்தா கானாக இருந்து சொந்தத் தம்பி கையால் செத்தவர். இவன் தாய் தப்பி ஓடி, வடக்கே அந்நிய அரசன் மண்ணில் இவனைப் பெற்றுப்போட்டுக் கண்ணை மூடினாள். இவனை எங்கள் கூடாரத்துக்குத் தூக்கி வந்தார்கள். அப்போது புலாத் எனக்கு இரண்டு மாசக் கைக்குழந்தை. ஆளுக்கொரு பக்கமாகப் போட்டுக்கொண்டு இரண்டு பேருக்கும் பால் கொடுத்தேன். தைமாஸ் கடிப்பான். புலாத் பால் குடித்துக்கொண்டே தூங்கிவிடுவான்.

வருகிற ஷஃபான் மாசம் எட்டாம் நாள் ஏற்றம். வெள்ளைக் கம்பளத்தில் கானை உட்காரவைத்து நான்கு பெக்குகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்குவார்கள். அந்தக் கம்பளத்தைப் பால் கொடுத்தவள் செய்ய வேண்டும். தூக்கும் முன் முல்லா அவளிடம், "உன் பால் இவனுக்கு ஹலாலா?" என்று கேட்பார். அவள் "ஹலால்" என்று, மனசறிந்து கொடுத்த பால்தான் என்று, சொன்னால்தான் கம்பளம் தரையைவிட்டு எழும்பும். சொல்லாவிட்டால் அவன் ஊரான் பாலைத் திருடிக் குடித்தவன், அவ்வளவுதான்.

இன்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ரஜப் 7

ஆட்டுக்குட்டி ரோமம் பிரித்தோம். ஒரு கறுப்பு முடிகூட இருக்கக் கூடாது. கண் பூத்துப் போயிற்று. தெமிர் ஒரு ரோமத்தையும் தொடவில்லை, கூடாரத்து வாசலில் உட்கார்ந்து கனவு கண்டுகொண்டிருந்தார். கம்பளத்தில் ஏறும் கான் தன்னை வளர்த்த குலத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வான். அதற்குப் பிறகு அவன் மகன், பேரன், எல்லாக் கானுக்கும் அதுதான் பெயர்.

"தைமாஸ் யால்தாய் கான்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறார். எங்கள் யால்தாய் குலத்தில் மொத்தம் நாற்பது கூடாரம். நேற்றுவரைக்கும் எந்த பெக்கும் எங்களை உட்காரச் சொன்னதில்லை.

"நூறு வருஷம் கழிச்சும் நம்ம பேரைச் சொல்லுவாங்க, தெரியுமா?"

"முதல்ல அந்தத் தண்ணியைக் கொதிக்க வையுங்க" என்றேன்.

ரஜப் 11

அக்தாஷ் குலத்து பெக் தோக்மாக் எங்கள் ஆட்களை மான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார். நான்கு பெக்குகளில் இவர்தான் பெரியவர், முதல் முனையைத் தூக்கப் போகிறவர். அவர் கை வைத்தால்தான் மற்ற மூன்று பேரும் வைப்பார்கள். அவர் மகன் உராஸும் வருகிறானாம். தெமிர், தைமாஸ், புலாத் மூன்று பேரும் கிளம்பினார்கள்.

"விரல் உடைஞ்சவனுக்கு வேட்டை என்னடா?" என்றேன். சும்மா குதிரை ஓட்டிவிட்டு வருகிறேன் என்றான். தன் அம்புக்கூட்டைத் தைமாஸிடம் கொடுத்துவிட்டான். சிவப்பு வளையம் போட்ட அம்புகள், ஒவ்வொன்றும் அவனே செதுக்கியது. தைமாஸ் அம்பு செதுக்கிய நாளே கிடையாது, சின்ன வயசிலிருந்தே இவன் செய்ததை எடுத்துக்கொள்வான். இவனும் கொடுப்பான்.

ரொட்டி தீய்ந்துவிட்டது. அடுப்பின் மேல் தப்பு இல்லை, என் கவனக்குறைவு.

ரஜப் 12

உராஸ் செத்துவிட்டான். புலாத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ரஜப் 14

இரண்டு நாளாகத் தாளைத் தொடவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாணற்காட்டில் உராஸின் தொண்டையில் அம்பு பாய்ந்திருந்தது. சிவப்பு வளைய அம்பு. அக்தாஷ் ஆட்கள் சுற்றி வளைத்துக்கொண்டு "யாருடையது?" என்று கேட்டபோது புலாத் முன்னால் வந்து, "என்னுடையது, நான்தான் எய்தேன்" என்றானாம். வாய்ச்சண்டை முற்றிவிட்டதாம். தெமிர்தான் வந்து சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அறிவு கெட்டவன். நாயே, பேயே என்று அவனைத் திட்டித் தீர்த்தேன், அவன் இல்லாத கூடாரத்தில். ஊர் கூடி உன் தம்பியைத் தலையில் தூக்கிவைக்கப் போகிற நேரத்தில் உனக்கு என்னடா வாய்ச்சண்டை?

தோக்மாக் பெக் சொல்லி அனுப்பிவிட்டார். ஏற்றத்துக்கு முந்தின நாள் புலாத்தின் தலை விழ வேண்டும். விழாவிட்டால் அவர் கம்பளத்தைத் தொட மாட்டார்.

தைமாஸ் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான். ஒரு வாய் தயிர்கூடச் சாப்பிடவில்லை. பாவம், கூடப் பிறந்தவன் மாதிரி வளர்ந்தவனுக்கு மனசு எப்படி இருக்கும்.

ரஜப் 15

ரோமம் அடித்தோம். கம்பால் அடித்து அடித்துப் பஞ்சாக்க வேண்டும். மற்றப் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள், நான் அடித்த அடியில் ரோமம் பாய்க்கு வெளியே பறந்தது.

ரஜப் 17

அக்தாஷ் கூடாரங்களுக்குப் போனேன். பாதி நாள் சவாரி. வேலியோரம் உட்காரவைத்திருக்கிறார்கள் என் பிள்ளையை, காலில் மரக்கட்டை மாட்டி, ஆடு மாதிரி. ஆட்டைக்கூட நிழலில் கட்டுவார்கள்.

"உம்மா, ரொட்டி கொண்டு வந்தியா?" என்றான். அறைய வேண்டும்போல இருந்தது.

"ஏண்டா அப்படிச் செஞ்சே?"

தலையைக் குனிந்துகொண்டான். நான் கொண்டுபோன ரொட்டியை இடது கையால் பிய்த்துத் தின்றான். வலது கையைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்து வைத்திருந்தான்.

அப்போது உராஸின் தாய் அய்சுலு வந்தாள். என்னைவிட எட்டுப் பத்து வயசு மூத்தவள் இருக்கும். மகன் போன வீட்டில் செய்வதுபோல முடியை அவிழ்த்துப் போட்டிருந்தாள். அவள் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து புலாத்தின் கையை வெளியே இழுத்து, துணிக்கட்டையும் வெளியே தெரிந்த விரல் நுனியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்ப உடைஞ்சது?"

புலாத் கையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டான். அய்சுலு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்குத்தான். உங்க ஆளுங்க பிடிச்சு இழுத்தப்ப உடைஞ்சிருக்கும்" என்று சொன்னேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

ரஜப் 18

மழை. ரோமத்தை உள்ளே எடுத்து வைத்தோம்.

ரஜப் 19

தைமாஸின் அங்கி துவைத்தேன். புதுசு, வேட்டைக்குப் போட்டுக்கொண்டு போனது. வலது கை ஓரத்தில் ஒரு கறை. மான் ரத்தமாக இருக்கும். அன்றைக்கு யாரும் மான் அடிக்கவில்லை என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்ததில் கறை போய்விட்டது.

ரஜப் 23

எனக்கு ஒன்றும் தெரியாது என்று இனியும் எழுதினால் இந்தத் தாளே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

விரலைக் கட்டியவள் நான். வேட்டைக்கு ஏழு நாள் முன்னே கட்டினேன். அம்புக்கூடு யார் தோளில் போயிற்று என்று பார்த்தவளும் நான். முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் வயிற்றில் பிறந்தவனைத் திட்டினேன், என் பாலில் வளர்ந்தவனுக்குத் தலை கோதிவிட்டேன். ஒருவனைக் காட்டிக்கொடுத்தால் இன்னொருவன் பிழைப்பான். இரண்டும் என் பிள்ளை. இதை எந்தச் சண்டாளனிடம் போய்ச் சொல்லி அழுவது?

பெக்குகளிடம் உண்மையைச் சொன்னால் தைமாஸின் தலை போகும். தலை போகாவிட்டாலும் கான் பதவி போகும். பெரிய கானின் படை வந்து எங்கள் நாற்பது கூடாரத்தையும் கொளுத்தும். சொல்லாவிட்டால் இன்னும் பதினான்கு நாளில் புலாத் இல்லை.

ரஜப் 24

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ரோமத்தைப் பாயில் பரப்பி வெந்நீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தெமிர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானாகவே கேட்டேன்.

"புலாத்துக்கு வில்லை இழுக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சும்மா எங்க இருந்தேன். நான்தான் அவனை ஒத்துக்கச் சொன்னேன்."

நாணலுக்குள் முதலில் போய்ப் பார்த்தவர் இவர்தானாம். கையில் வில்லோடு தைமாஸ் நின்றுகொண்டிருக்கிறான், கீழே அந்தப் பையன் துடித்துக்கொண்டிருக்கிறான். அக்தாஷ் ஆட்கள் வந்து சேர்வதற்குள் இவர் புலாத்தைக் கூப்பிட்டு, "அம்பு உன்னோடது, நீ ஒத்துக்க, கையைச் சட்டைக்குள்ள மறைச்சுக்க" என்றாராம்.

"அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல நூர்பிகே. சரி வாப்பான்னான். தங்கமான பிள்ளை. யோசிச்சுப் பாரு, புலாத் போனா ஒரு மகன் போவான். தைமாஸ் போனா எல்லாம் போச்சு. அரசு போச்சு, பேரு போச்சு. இருபத்திரண்டு வருஷம் எதுக்கு வளர்த்தோம்?"

கையில் ரோமம் அடிக்கிற கம்பு இருந்தது. அவர் தோளில் ஓங்கி அடித்தேன். இன்னொன்றும் போட்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவர் தடுக்கவில்லை, அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. பெயராம் பெயர். செத்தவன் காதில் போய் அந்தப் பெயரை ஓதட்டும்.

ரஜப் 25

விடிந்ததும் குதிரை ஏறினேன். அய்சுலு தனியாக மோர் கடைந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன், பெக் வீட்டம்மா. அந்த விரல் வேட்டைக்கு ஏழு நாள் முன்னாலயே உடைஞ்சது."

மத்தை நிறுத்தவில்லை. "தெரியும். புதுசா உடைஞ்ச விரல் கறுத்துக் கிடக்கும். அது மஞ்சள் பூத்து ஆறிக்கிட்டிருந்துச்சு. அஞ்சு ஆம்பளப் பிள்ளைய வளர்த்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லல?"

"நீ வந்து சொல்றியான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

அப்போதுதான் மத்தை விட்டாள். யார் எய்தது என்று அவள் கேட்கவில்லை. சிவப்பு வளைய அம்புக்கூட்டோடு தைமாஸ் குதிரை ஏறியதை அவளும் பார்த்திருக்கிறாள். வேட்டைக்குப் புறப்படும் முன் எல்லாருக்கும் புளித்த குதிரைப்பால் ஊற்றிக் கொடுத்தவளே அவள்தானாம்.

"என் பிள்ளைக்காக இன்னொருத்தி பிள்ளைய வெட்டுறதுல எனக்கு என்ன வரப்போகுது? அதுவும் தப்பான பிள்ளைய" என்றாள். "பழைய வழக்கம் ஒண்ணு இருக்குல்ல? கொன்னவன் வந்து, செத்தவனோட தாய் மார்ல வாய் வைக்கணும். வெச்சா அவன் அவளுக்கு மகன். மகன்மேல யாரும் பழி தீர்க்க முடியாது. அவனை வரச் சொல்லு. வேற எவனையும் என் மார்கிட்ட விடமாட்டேன், உன் பிள்ளையையும்தான்."

ஒருவனுக்கு இரண்டு பால் கிடையாது. அவள் மாரில் வாய் வைத்த நிமிஷத்திலிருந்து தைமாஸ் அக்தாஷ் வீட்டுப் பிள்ளை. என் பால் கணக்கில் வராது, எங்கள் குலப்பெயரும் வராது.

"யோசிச்சிட்டுச் சொல்லு" என்றாள்.

"யோசிக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வழியெல்லாம் யோசித்தேன்.

ரஜப் 28

கம்பளத்தைப் பாயோடு சுருட்டி, கயிறு கட்டி, குதிரை பின்னால் உருளவிட்டோம். நாள் பூராவும் உருள வேண்டும். அப்போதுதான் ரோமம் ரோமத்தைப் பிடித்துக்கொள்ளும். தளர்வாக உருட்டிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. நான்கு பெக்குகளும் தூக்கும்போது நடுவில் பிய்த்துக்கொண்டு கான் தரையில் விழட்டும். முல்லாவின் மகள் இதையும் எழுதி வைக்க வேண்டும். கயிற்றை இன்னும் இறுக்கினேன்.

ஷஃபான் 1

தைமாஸைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தான். புது அங்கி, புது வாள், பின்னால் இரண்டு காவல்காரர்கள். அவர்களை வெளியே நிறுத்தச் சொன்னேன்.

"எதுக்குடா அந்தப் பையனைக் கொன்னே?"

மறுத்துப் பேசுவான் என்று பார்த்தேன். முகம் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"நாங்க நாலு வீட்டுக்காரங்க தூக்கினாத்தான் நீ கான், கையை விட்டா நீ கம்பளத்துல கிடக்கிற ஆட்டுக்குட்டின்னு சொன்னான் உம்மா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுச் சிரிச்சான். நாணலுக்குள்ள போய் மறுபடியும் சொன்னான். எனக்குக் கை தானாப் போயிடுச்சு."

"கை தானாப் போகாது. அம்பை உருவணும், நாண்ல வைக்கணும், இழுக்கணும். இழுக்குறதுக்கு உனக்குக் கட்டைவிரல் இருந்துச்சு."

அழுதான். எனக்கு அழுகை வரவில்லை.

"உம்மா, கானானதும் முதல் வேலையா புலாத்தை..."

"கானாகுறதுக்கு முந்தின நாள் அவன் செத்துடுவான். கணக்குத் தெரியாதவனாடா நீ?"

இரண்டு காரியம் சொன்னேன். ஒன்று, அய்சுலுவிடம் போய் மாரில் வாய் வைக்க வேண்டும். இன்னொன்று, நான்கு பெக்குகள் முன்னால், எய்தது நான்தான், புலாத் இல்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மகனாகிவிட்ட பிறகு அவன் உயிரை யாரும் தொட முடியாது. பால் கணக்கு மாறினாலும் கம்பளம் என் கையால் செய்தது, முல்லா என்னிடம்தான் கேட்பார். இரண்டையும் செய்தால் ஏற்றத்தன்று என் பால் ஹலால். ஒன்று குறைந்தாலும் இல்லை.

"நீ அப்படிச் சொல்ல மாட்டே உம்மா."

"சொல்லிப் பார்க்கட்டுமா?"

என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். அதில்கூட எனக்கு மனசு இளகத்தான் செய்தது. என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

ஷஃபான் 2

தெமிர் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே சட்டியில் சமைத்து ஆளுக்கொரு மூலையில் தின்றோம்.

ஷஃபான் 4

போனான்.

கூடாரத்துக்குள் நான், அய்சுலு, தோக்மாக் பெக், தைமாஸ், நான்கே பேர். அய்சுலு சட்டையைத் திறந்தாள். வற்றிப்போன மார். கானாகப் போகிறவன் முழங்காலிட்டு வாய் வைத்தான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். தள்ளிவிடுவாளோ என்று பயந்தேன். தள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "உராஸ்" என்று மட்டும் சொன்னாள். என் பிள்ளையை இன்னொருத்தி மாரில் பார்த்துக்கொண்டு நின்றேன். என் இடத்தில் எந்தத் தாயும் நிற்க வேண்டாம்.

தோக்மாக் பெக்குக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. எய்தது தைமாஸ்தான் என்று அய்சுலு சொன்னதும் வாளில் கை வைத்தார். "இவன் இப்ப என் மகன்" என்று அய்சுலு குறுக்கே வந்தாள். பெக் நின்றார். அப்புறம் அவர் முகம் மெதுவாக மாறியதை நான் பார்த்தேன். சந்தையில் பேரம் படிந்தவன் முகம். கான் என் வீட்டுப் பிள்ளை, கானின் பெயர் என் குலப்பெயர் என்று அவர் கணக்குப் போட்டது தெரிந்தது. ஒரு மகனைப் புதைத்து இருபத்து மூன்று நாள்தான் ஆகிறது அந்த மனுஷனுக்கு.

"இது இந்தக் கூடாரத்தைவிட்டு வெளிய போகக் கூடாது" என்றார். "எய்தது புலாத்தாவே இருக்கட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இரக்கப்பட்டு கான் மகனானார், கொலைகாரனையும் மன்னிச்சு விட்டார். ஊருக்கு இதைத்தான் சொல்றோம். கொலைகாரனைத் தூக்கிக் கானாக்கினோம்னு மத்த மூணு பேருக்கும் தெரிஞ்சா எவன் கம்பளத்தைத் தொடுவான்?"

தைமாஸைப் பார்த்தேன். அய்சுலுவும் அவனைப் பார்த்தாள். வாயைத் திறப்பான், திறப்பான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வாப்பா சொல்றபடியே செய்யலாம்" என்றான். தோக்மாக்கைத்தான் வாப்பா என்றான்.

ஷஃபான் 5

புலாத் வீடு வந்து சேர்ந்தான். கணுக்காலில் கட்டை அறுத்த புண். குளிக்கவைத்தேன், கொழுப்பு தடவினேன். மூன்று கிண்ணம் மோர் குடித்துவிட்டுத் தூங்கினான்.

எழுந்ததும், "எதுக்குடா ஒத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"வாப்பா சொன்னாரு. தைமாஸ் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணும் சொல்லல. அவன் ஏதாவது சொல்லுவான்னு கொஞ்ச நேரம் பார்த்தேன் உம்மா. சொல்லல. சரின்னுட்டேன்."

இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஷஃபான் 8

ஏற்றம் நடந்தது. ஆயிரக்கணக்கான கூடாரம், கண் போன பக்கமெல்லாம் குதிரை. என் கம்பளத்தை விரித்தார்கள். பனி மாதிரி வெள்ளை, ஒரு கறுப்பு முடி இல்லை. பெண்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் முன்வரிசையில் நின்றேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். இவ்வளவு சனத்துக்கு முன்னால் சொன்னால் என்ன ஆகும் என்பதெல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தேன். பெக்குகள் கையை எடுப்பார்கள். அரசு பிறக்கும் முன்னே செத்துப்போகும். செத்தால் சாகட்டும் என்றுதான் நின்றேன்.

முல்லா வந்தார். என்னைத் தாண்டிக்கொண்டு நேரே அய்சுலுவிடம் போனார்.

"உன் பால் இவனுக்கு ஹலாலா?"

அய்சுலு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, தன் மடியில் ஒரு நாளும் தூங்காதவனுக்காக, "ஹலால்" என்றாள்.

நான்கு முனையும் எழும்பியது. என் கம்பளம் பிய்யவில்லை, நூலளவுகூட இளகவில்லை. "தைமாஸ் அக்தாஷ் கான்" என்று கத்தினார்கள். ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவைக்கும் தெமிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போனார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

மேலேயிருந்து தைமாஸ் கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் குதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஷஃபான் 11

பாட்டுக்காரன் ஒருவன் அதற்குள் பாட்டுக் கட்டிவிட்டான். இரக்கமுள்ள கான், மகனைப் பறிகொடுத்த தாய், கடைசியில் மன்னிப்புப் பெற்ற கொலைகாரப் புலாத். ராகம் நன்றாகத்தான் இருக்கிறது. நிலம் இருக்கிற வரைக்கும் அக்தாஷ் கான்கள் ஆள்வார்களாம், பாலின் கருணையில் பிறந்த வம்சமாம்.

புலாத்துக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் நாங்கள் கொடுத்த குதிரையைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போனார்கள். கொலைகாரனுக்குப் பெண் கிடையாதாம். அவன் அந்தக் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான்.

ஷஃபான் 13

ஏற்றம் முடிந்ததும் கம்பளத்தை வெட்டித் துண்டு துண்டாகப் பங்கு கொடுப்பது வழக்கம், பரக்கத், அல்லாஹ்வின் அருள் என்று வாங்கிப் பெட்டியில் வைப்பார்கள். இரண்டு காவல்காரர்கள் எனக்கும் ஒரு துண்டு கொண்டு வந்தார்கள். பட்டுத்துணியில் சுற்றியிருந்தது. கூடவே பத்துப் பால் குதிரைகள், தாளில் கட்டிய ஒரு பொதி மிளகு. கான் உம்மாவுக்கு சலாம் சொன்னாராம்.

குதிரைகளைத் திருப்பி அனுப்பினேன். மிளகையும் அனுப்பினேன், சுற்றியிருந்த தாளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதில்தான் எழுதுகிறேன்.

கம்பளத் துண்டைப் புலாத்தின் பூட்ஸ் அளவுக்கு வெட்டினேன். கட்டை அறுத்த புண்ணுக்கு மெத்தென்று இருக்கும். தெமிர் பதறிக்கொண்டு வந்து, "கானைத் தூக்கின கம்பளம்டி அது" என்றார். ஊசியைக் கோத்துக் கொடுங்கள் என்றேன். கோத்துக் கொடுத்தார். இரண்டு பூட்ஸிலும் வைத்துத் தைத்துவிட்டேன். புலாத் மாட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்த்துவிட்டு, நல்லா இருக்கு உம்மா என்றான். விரல்கட்டையும் இன்று அவிழ்த்தேன். கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. இனி அவன் வில்லை இழுக்க முடியாது.

அன்றைக்கு முல்லா என்னிடம் கேட்கவில்லை. இனியும் யாரும் வந்து கேட்கப் போவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் நூர்பிகே, யால்தாய் குலம். தைமாஸுக்கு இரண்டு வருஷம் பால் கொடுத்தவள். அந்தப் பால் அவனுக்கு ஹலால் இல்லை.